புளிக்க மறுத்த பால்

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசிய ஒரு மாதத்தில் எங்கள் வீட்டுத் தயிர் உறையாமல் போனது. அதற்கு முன்பு ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.

கனமூலை என்ற ஊரில் எங்கள் வீட்டுப் பின்னறையில் நான் தயிர் போடுவேன். பெரிய வியாபாரம் இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சந்தியில் இருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கும் மண்சட்டியில் போட்டுக் கொடுப்பேன். என் கணவர் கட்டாரில் இருக்கிறார். வீட்டில் நானும் உம்மாவும் என் தம்பியும்தான். பின்னேரம் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, பழைய தயிரில் ஒரு கரண்டி கலந்து சட்டிகளில் ஊற்றி, தாளால் மூடி மேசையில் வைத்துவிடுவேன். கச்சான் காலத்தில் அந்த அறையில் எந்நேரமும் புழுக்கம் இருக்கும். விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுப் போய்ச் சட்டியைச் சாய்த்துப் பார்த்தால், தயிர் சாயாமல் நிற்கும்.

அன்று காலை தாளை எடுத்தேன். பால் பாலாகவே கிடந்தது.

உறை ஊற்ற மறந்துவிட்டேனோ என்று முதலில் நினைத்தேன். அடுத்த சட்டியைத் திறந்தேன். அதற்கடுத்ததையும் திறந்தேன். எல்லாவற்றிலும் மேலே மெல்லிய ஆடை, அடியில் தண்ணீர்போல் பால். முகர்ந்து பார்த்தேன். புளிப்பு வாடை துளியும் இல்லை. சரி, இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும் என்று விட்டேன். மத்தியானமும் அப்படியே இருந்தது. பின்னேரமும் அப்படியே இருந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது. தென்னோலைகள் காற்றில் அடித்துக்கொண்டே இருக்கின்றன. நேற்றுக் காய்ச்சிய பால் மேசையில் கெடாமல் இருக்கிறது. கெட்டுப் போயிருந்தால் ஊற்றிவிட்டுச் சட்டியைக் கழுவியிருப்பேன். கெடாமல் இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த அறைக்குள் போகவே ஒரு மாதிரி இருந்தது.

அடுத்த தடவை சட்டிகளைப் புளி போட்டுத் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்தேன். மதுரங்குளிச் சந்தியில் வேறு ஒருவரின் தயிர் வாங்கி வந்து அதிலிருந்து உறை எடுத்தேன். இரண்டு கரண்டி அதிகமாகவே கலந்தேன். காலையில் திறந்தால் அதே பால்.

உம்மா வாசலில் நின்று பார்த்தார்.

“கண்ணூறு. வேற ஒண்டுமில்ல,” என்றார். சட்டிகளுக்கு நேரே கையை ஏந்தி ஓதி ஊதினார்.

“உம்மா, மாமாட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன? பாலில என்னமும் பிழை இரிக்கோ தெரியா.”

“வாய மூடு. அந்த மனுசன்ட பாலில குறை சொல்ல உனக்கு எப்பிடி மனசு வந்திச்சு?”

மாமா என்று நாங்கள் கூப்பிடுவது எங்களுக்குப் பால் தரும் மனிதரை. இரத்த உறவில்லை. மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரும் விரட்டப்பட்டு வந்தபோது நான் உம்மாவின் இடுப்பில் இருந்தேன். அன்று இந்தக் கரையில் எங்களுக்குக் கால் வைக்க இடம் கொடுத்தது மாமாவின் வாப்பா. அவருடைய தென்னந்தோட்டத்தில்தான் ஓலைக் குடில் போட்டுப் பல வருடம் இருந்தோம். தம்பி பிறந்தது அங்கேதான். அவன் குடித்த முதல் பசும்பால் அந்த வீட்டு மாட்டின் பால். உம்மா அதை ஒருநாளும் மறக்கமாட்டார். எங்களையும் மறக்க விடமாட்டார்.

ஆனாலும் மறுநாள் காலை மாமா கேனோடு வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது, உம்மா உள்ளே இருந்த நேரமாகப் பார்த்துக் கேட்டேன்.

“மாமா, பால் உறையுதில்ல.”

அவர் பாலை அளந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“காத்துக் காலம் மகள். அப்பிடித்தான் இரிக்கும்.”

“போன வருசமும் காத்து அடிச்சிச்சே மாமா. உறைஞ்சிச்சே.”

“மாடு திண்ட புல்லு மாறி இரிக்கும்,” என்றார். கேனை மூடினார். வழக்கமாக உம்மாவிடம் சுகம் விசாரித்து, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவார். அன்று நான் பால் பாத்திரத்தைக் கையில் எடுப்பதற்குள் சைக்கிளை ஸ்டார்ட் செய்துவிட்டார். ஒழுங்கை முனையில் அவர் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். என்னமோ மனதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் கற்பிட்டியில் உல்லாசப் பயணிகளுக்கு டொல்பின் காட்டும் படகில் வேலை செய்கிறான். கச்சான் தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், படகுகள் கரையேறும், அவனும் வீட்டுக்கு வந்துவிடுவான். சின்ன வயதில் எலும்பும் தோலுமாக இருந்தவன். பள்ளிக்கூடத்தில் நெத்தலி என்று கூப்பிடுவார்கள். அந்த வடு அவனுக்கு உள்ளே இருந்தது. பெரியவனானதும் ஜிம்முக்குப் போக ஆரம்பித்தான். தோளும் நெஞ்சும் விரிந்தன. சட்டை எல்லாம் கை இறுகிப் போனது. கறுப்பு நிறத்தில் ஒரு பெரிய டின் வாங்கி வருவான். உள்ளே மா மாதிரி ஒன்று. தண்ணீரில் கலக்கிக் குடிப்பான். கடைசியாக வாங்கிய டின்னில் மா கட்டி கட்டியாக இருந்தது, வாய்க்குக் கசந்தது. போலி மருந்தும் போலி மாவும் வருகிறது என்று கூட்டாளிகள் சொல்லிக்கொண்டார்கள். தம்பி அந்த டின்னை வெளியே கொட்டிவிட்டான்.

“உள்ளுக்கு என்ன இரிக்கு எண்டு ஆருக்குத் தெரியும் ராத்தா? நம்மட மாட்டுப் பால் எண்டா நம்பலாம்.”

அந்த மா எதிலிருந்து வருகிறது என்று அவன் ஃபோனில் தேடிப் படித்திருந்தான். எனக்குச் சமையலறையில் நின்று விளக்கினான். பாலில் இரண்டு வகைப் புரதம் இருக்கிறதாம். ஒன்று புளிப்புப் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். தயிர் ஆவது அதுதான். மற்றது ஒட்டாமல் தண்ணீரோடு நின்றுவிடும். தயிரை வெட்டினால் ஓரத்தில் ஊறும் மஞ்சள் தண்ணீர் அது.

“நீங்க வடிச்சு ஊத்துற தண்ணியக் காய வெச்சுத்தான் வெளிநாட்டில டின்னில அடைக்கிறாங்க. நம்மட வீட்டிலயே இரிக்கி அது.”

அன்றிலிருந்து தயிர்த் தண்ணீரை நான் ஊற்றுவதில்லை. அவன் உப்புப் போட்டுக் குடிப்பான். தயிர் உறையாமல் போனதும் அவனுக்கும் அது இல்லாமல் போயிற்று.

“பாலில தண்ணி கலந்திரிக்கோ தெரியா,” என்றான். “நான் பாத்துச் சொல்லுறன்.”

சூடான பாலில் புளிப்புக்குத் தேசிக்காய் ஒன்றைப் பிழிந்தான். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெள்ளை வெள்ளையாகத் திரண்டு, பால் அழகாகப் பிரிந்தது. துணியில் வடித்தான். கட்டி துணியில் நின்றது. கிண்ணத்தில் பச்சையும் மஞ்சளுமாகத் தெளிந்த தண்ணீர் இறங்கியது.

“பாருங்க, எவ்வளவு கட்டி! பாலில ஒரு பிழையுமில்ல. உங்கட உறையிலதான் பிழை.”

உம்மாவின் முகம் தெளிந்தது. “நான் சொன்னனே, அந்த மனுசன் தண்ணி கலக்கிற ஆள் இல்ல எண்டு,” என்றார். எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தம்பி அந்தத் தண்ணீரை ஆறவைத்து ஒரு கிளாஸ் குடித்தான்.

பின்னேரம் அவன் கையைச் சொறிந்துகொண்டிருந்தான். முழங்கைக்கு மேலே சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. மத்தியானம் இறால் கறி சாப்பிட்டிருந்தோம். இறால் சூடு என்று உம்மா சொன்னார். அவன் பிறந்ததிலிருந்து இறால் தின்கிறவன். நான் அதைச் சொல்லவில்லை. இருட்டுவதற்குள் தடிப்பு அடங்கிவிட்டது.

அடுத்த நாள் தேசிக்காய் பிழிந்து வடித்ததைக் காலையில் குடித்தான். உதடு விறுவிறுக்கிறது என்றான். கண்ணாடி முன்னால் நின்று உதட்டை இழுத்து இழுத்துப் பார்த்தான். சிரித்தான். “தேசிக்காய்ப் புளி கூடிப் போச்சு ராத்தா.” நானும் சிரித்தேன். ஆனால் அவன் கழுத்தில் அதே தடிப்பு ஏறியிருந்ததைக் கண்டேன். அன்று இறால் இல்லை. காலையில் பாணும் சம்பலும்தான் சாப்பிட்டிருந்தான்.

“டொக்டர்ட்ட காட்டு,” என்றேன்.

“இதுக்குப் போய்க் காட்டுறதா? ஜிம்மில வேர்வை.”

சில விஷயங்கள் கண்முன்னே வரிசையாக நடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் காரணம் கிடைத்துவிடும். இறால், தேசிக்காய், வேர்வை, காற்று, கண்ணூறு. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் அவன் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜிம்மிலிருந்து வந்தான். உடம்பெல்லாம் வேர்த்து வழிந்தது. வடித்து வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் நின்றபடியே குடித்தான். அன்று வழக்கத்தைவிடக் கூட இருந்தது. கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். வாளி விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

போய்ப் பார்த்தேன். கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். திரும்பிய முகம் என் தம்பியின் முகமாக இல்லை. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டு வந்தன. உதடு தடித்து வெளியே தள்ளியிருந்தது. நெஞ்சைக் காட்டினான். மூச்சு உள்ளே போகும்போது ஒரு சீழ்க்கைச் சத்தம் வந்தது.

“ராத்தா, தொண்டை அடைக்கிது,” என்றான். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் முன்வீட்டுக்காரர் த்ரீவீலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அந்தப் பெரிய உடம்பை அவரும் நானும் தூக்கித் திணித்தோம். புத்தளம் வீதியில் போகும்போது தம்பியின் தலை என் தோளில் கிடந்தது. உம்மா மறுபக்கம் இருந்து ஓதிக்கொண்டே வந்தார். சீழ்க்கைச் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. நல்லது என்று உம்மா நினைத்தார். மூச்சே குறைந்துகொண்டு வருகிறது என்று எனக்குத் தெரிந்தது. நான் உம்மாவிடம் சொல்லவில்லை. காற்று மணலை அள்ளி வீசியது. வழியில் எங்கே நின்றோம், எங்கே திரும்பினோம் என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் அவனை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். தொடையில் ஊசி போட்டார்கள். மூக்கில் ஒக்சிஜன் வைத்தார்கள். மறுபடியும் ஊசி போட்டார்கள். திரைச்சீலைக்கு வெளியே நாங்கள் நின்றோம். வெகுநேரத்துக்குப் பிறகு ஒரு பெண் டொக்டர் வந்தார். இளம் வயது. தமிழில் பேசினார்.

“மூச்சு சீராகிக்கொண்டு வருது. என்ன மருந்து குடித்தவர்?”

“ஒரு மருந்தும் இல்ல டொக்டர்.”

“ஏதாவது மருந்து இவருக்கு ஒத்து வராதா?”

“சின்ன வயசில தொண்டை நோவுக்கு ஒரு ஊசி போட்டாங்க. முகம் வீங்கிச்சு. அந்த மருந்து இனி இவனுக்குப் போடக் கூடாது எண்டு சொன்னாங்க. பெனிசிலின்.”

“அந்த மருந்தோ, அந்த மாதிரி வேறு மருந்தோ இப்போது எடுத்தவரா?”

“இல்ல. சத்தியமா இல்ல.”

“கடைசியாக என்ன சாப்பிட்டவர்?”

சொன்னேன். நாங்கள் தயிர் போடுகிறவர்கள், தேசிக்காய் விட்டுப் பாலைப் பிரித்து வடித்த தண்ணீர் என்றேன். பால் ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டார். பிறந்ததிலிருந்து பால் குடிக்கிறவன் என்றேன்.

“ஏன் தேசிக்காய் விட்டுப் பிரித்தீர்கள்? நீங்கள் தயிர் போடுகிறவர்கள் என்றுதானே சொன்னீர்கள்?”

“தயிர் உறையுதில்ல டொக்டர். இப்ப கொஞ்ச நாளா உறையுதே இல்ல. பால் புளிக்கவும் இல்ல, கெடவும் இல்ல.”

டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

“மாட்டுக்கு நோயா?”

எனக்கு என்ன கேட்கிறார் என்று விளங்கவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். தயிரை உறைய வைப்பது உறையில் இருக்கும் கிருமி. நல்ல கிருமி. அது பாலில் பெருகிப் புளிப்பை உண்டாக்கும். அந்தப் புளிப்பில்தான் பால் கட்டியாகும். மாட்டுக்கு மடி வீங்கினால் இந்தப் பெனிசிலின் மாதிரி மருந்தைத்தான் போடுவார்கள். அது பாலில் இறங்கும். இறங்கினால் உறையில் இருக்கும் கிருமியும் செத்துவிடும். தேசிக்காய்க்குக் கிருமி தேவையில்லை; புளிப்பு அதிலேயே இருக்கிறது. அதனால் பால் பிரிந்துவிடும்.

“பிரிந்த பிறகு மருந்து பெரும்பாலும் தண்ணீரோடுதான் நிற்கும். காய்ச்சினாலும் முழுக்கப் போகாது. நிச்சயமாக இதுதான் என்று நான் இப்போது சொல்ல முடியாது. ஆனால் பால் தருகிறவரிடம் கேளுங்கள். அந்தப் பால் வேறு வீடுகளுக்கும் போகுதா?”

அதுவரை நான் தம்பியைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன். அந்தக் கேள்வியில் வேறொரு பயம் வந்து சேர்ந்தது. காலையில் அந்தச் சைக்கிள் நிற்கும் வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே மாமாவுக்கு ஃபோன் எடுத்தேன். தம்பிக்கு நடந்ததைச் சொன்னேன். மாட்டுக்கு ஊசி போட்டீங்களா என்று கேட்டேன்.

“நான் வாறன் மகள்,” என்றார். வைத்துவிட்டார்.

வந்தார். அதற்குள் தம்பி கண் திறந்து, உம்மாவின் கையைப் பிடித்திருந்தான். வீக்கம் வடியத் தொடங்கியிருந்தது. மாமா கட்டிலருகே வரவில்லை. விறாந்தையில் போட்டிருந்த வாங்கின் நுனியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“பெரிய மாட்டுக்கு மடி கல்லு மாதிரி வீங்கிப் போச்சு. கன்றைக் கிட்ட விடாம உதைச்சுது. மிருக டொக்டர் மருந்து தந்தாரு. மடிக்குள்ள ஏத்துறது. கொஞ்ச நாளைக்குப் பால வெளிய ஊத்தச் சொன்னாரு. ஊத்தினன் மகள். மொதல் நாள் ஊத்தினன். பொறகு பால் தெளிஞ்சு வந்திச்சு, பாத்தா நல்ல பால். எல்லா வீட்டிலயும் காத்துக்கொண்டு நிக்கிறாங்க. காய்ச்சித்தானே குடிக்கிறாங்க, போயிரும் எண்டு நெனச்சன். வீக்கம் வத்தல்ல, திரும்பவும் மருந்து ஏத்தினன்.”

“நான் கேட்டனே மாமா,” என்றேன். “உறையுதில்ல எண்டு உங்ககிட்டக் கேட்டனே.”

அவர் மடியிலிருந்த தொப்பியைக் கையால் நீவி நீவி மடித்தார். என் கோபம் அந்தக் கையைப் பார்த்ததும் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. உம்மா வெளியே வந்தார். மகன் இருந்த நிலையைக் கண்ட தாய், என்ன சொல்லப் போகிறாரோ என்று பார்த்தேன்.

“நீங்க வேணுமெண்டு செய்யல்ல,” என்றார் உம்மா. “அல்லாஹ் தந்த உசிரு, அவன் காப்பாத்திட்டான்.”

மாமா தலையை ஆட்டினார். எழுந்து போகும்போது என் பக்கம் திரும்பினார்.

“இத ஊருக்குள்ள கதைக்க வேணாம் மகள்.”

“கதைக்க மாட்டா,” என்று உம்மா எனக்காகச் சொன்னார்.

தம்பி வீட்டுக்கு வந்தான். உடம்பு தேறியது. ஆனால் ஆள் மாறிவிட்டான். பாலும் தொடுவதில்லை, டின்னும் தொடுவதில்லை. யார் வீட்டிலாவது தேத்தண்ணி கொடுத்தால் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, “பிளேன் டீயா, பால் விடல்லயா?” என்று கேட்கிறான். தொண்டையைத் தடவிப் பார்க்கும் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. தான் செய்வது அவனுக்கே தெரியாது. உம்மா தெரியாததுபோல் இருந்துவிடுவார். நான் வேறொரு இடத்தில் பால் எடுத்துத் தயிர் போடத் தொடங்கினேன். அது உறைகிறது. உறைந்த தயிரைச் சாய்த்துப் பார்த்தாலும் முன்புபோல் மனம் குளிர்வதில்லை.

அந்த மாட்டைப் பற்றி மாமாவிடம் ஒருநாள் கேட்டேன். வித்துட்டன் என்றார். யாருக்கு என்று கேட்டேன். இறைச்சிக்கு எடுக்கிற ஒருவர் வந்து ஏற்றிக்கொண்டு போனாராம். மருந்து போட்டு எவ்வளவு காலத்துக்குப் பிறகு விற்றீர்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது பதில் தெரிந்துவிட்டது போல இருந்தது.

சில மாதம் கழித்து, பின் ஒழுங்கையில் இருக்கும் ஓர் இளம் தாய் வேலியருகே நின்று என்னோடு கதைத்தாள். இடுப்பில் பிள்ளை. நடக்கத் தொடங்காத வயது. அவள் வீட்டுக்கு மாமாதான் இன்னும் பால் கொடுக்கிறார், மற்ற மாடுகளின் பால்.

“எங்கட வீட்டில பிரிஜ் இல்லயே ராத்தா,” என்றாள். “முந்தி மத்தியானத்துக்குள்ள பால் திரைஞ்சு போயிரும். இப்ப ஒரு கிழமையா ஆண்டவன் கிருபையில, காலையில வெச்ச பால் பின்னேரம் வரைக்கும் கெடாம நல்லா நிக்கிது.”

பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். தம்பியின் முகம் வீங்கியதை, டொக்டர் கேட்டதை, மாமா சொன்னதை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, “அந்த மனுசன் அப்பிடிச் செய்யிற ஆள் இல்ல ராத்தா,” என்றாள்.

உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் பால் காய்ச்சப் பாத்திரம் வைக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.